சின்னவளின் மூன்று மரங்களும் நான் போட்ட டிக்குகளும்

எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் நான் விடமாட்டேன். காப்பி அப்புறம்தான், முதலில் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போவேன். "இது எலுமிச்சை, இது மாதுளை, அது சீமை அத்தி. மூணும் என் ஓரகத்தி வச்சது" என்று சொல்லும்போதே என் குரல் ஒரு படி மேலே ஏறிவிடும். ஏறட்டுமே. கொழுந்தன் பெண்டாட்டியைப் பற்றி வாய் ஓயாமல் பீற்றிக்கொள்கிற பெண்களை நீங்கள் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? நான் ஒருத்தி இருக்கிறேன், வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதே மூன்று மரங்களை வேரோடு பிடுங்கி எறியத் துடித்ததும் நான்தான். அதை மறைத்துவிட்டு அவள் பெருமையை மட்டும் சொன்னால் கதை நொண்டியடிக்கும். அதனால் என் மானம் போகிற இடங்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மாமனார் கட்டிய வீடு. கீழே நானும் என் வீட்டுக்காரரும், மாடியில் கொழுந்தனும் அவளும். மாமனார் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் பெரியவள், அவள் சின்னவள். அவர் போனபிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை. நான் சோபா, நாற்காலிகளுக்குக் குஷன் தைக்கிறவள். கிழிந்த உறையைப் பிரித்து, பழைய பஞ்சைப் பிடுங்கி, புதிதாக அடைத்துத் தைத்துக் கொடுப்பேன். இருபது வருஷமாக இதுதான் தொழில். வாயும் ஊசிக்குச் சளைத்ததல்ல என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஓடியும் விடுவார்.

சின்னவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. ஆபரேஷனுக்குப் பயன்படும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, கிருமி இல்லாமல் ஆக்கி அனுப்புகிற அறையில் வேலை. அந்த அறை தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது.

ஒருமுறை அந்த ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் நாற்காலிகளுக்கு உறை தைக்கப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், இவள் என்னதான் கிழிக்கிறாள் பார்ப்போமே என்று கீழே இறங்கிப் போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். தொப்பி, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஒரு சின்னக் கத்தரியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திறந்து மூடி, திறந்து மூடி, பூதக்கண்ணாடியில் அதன் மூட்டைப் பார்த்தாள். திருப்திப்படவில்லை. மறுபடி கழுவினாள். மறுபடி பார்த்தாள். பிறகு நீலத்துணியில் சுற்றி, டேப் ஒட்டி, பக்கத்தில் இருந்த அட்டையில் ஒரு டிக் போட்டுக் கையெழுத்து வைத்தாள். ஒரு கத்தரிக்குப் பத்து நிமிஷம்! நானாக இருந்தால் இதற்குள் ஒரு முழு நாற்காலிக்கு உறை போட்டிருப்பேன்.

வெளியே வந்தவளிடம், "ஏண்டி, ஒரு கத்தரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டேன்.

"ஒம்பது வருஷமாச்சுக்கா. நான் கையெழுத்துப் போட்ட பொட்டலம் ஒண்ணுகூட மேல ஆபரேஷன் ரூம்லேருந்து திரும்பி வந்ததில்ல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றைக்கே அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஓரகத்தியிடம் அதையெல்லாம் யாராவது சொல்வார்களா?

அந்தச் சுத்தம் ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் துடைப்பத்தை எடுத்துக் கழுவிக் காயவைத்தவள் அவள். துடைப்பத்தை! எங்கள் வீட்டில் சோப்புக்கட்டியே குளித்துவிட்டுத்தான் சோப்பு டப்பாவுக்குள் போகும்.

சண்டை வந்தது பின்பக்க இடத்துக்காக. இருபத்திரண்டு அடி நீளம், பதினாலு அடி அகலம். மூன்று பக்கம் சுவர், மூலையில் தண்ணீர்த்தொட்டி, துணி துவைக்கிற கல், கொஞ்சம் உடைந்த தொட்டிகள். அந்த இடத்தில் சிமெண்டுத் தரை போட்டு ஒரு ஷெட் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் பல வருஷத்து ஆசை. ஹாலில்தான் தையல், ஹாலில்தான் பஞ்சு. என் வீட்டுக்காரர் தட்டை ஒரு கையால் மூடிக்கொண்டே சாப்பிடுவார். நான் தரையில் மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி இரண்டும் காய்த்துப் போய்விட்டன. ஒரு மேசை போட்டு நின்று வேலை செய்ய எனக்கென்று ஓர் இடம் வேண்டும். இதில் என்ன தப்பு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அளவு நாடாவோடு பின்பக்கம் போனால், அங்கே சின்னவள் மூன்று நாற்றுப் பைகளோடு நிற்கிறாள்.

"இது என்னடி?"

"சின்ன மரம்க்கா. பதினஞ்சு அடிக்கு மேல போகாது. வேர் சுவத்தை உடைக்காது, தொட்டிகிட்டயும் போகாது. நல்லா விசாரிச்சுட்டுத்தான் வாங்கினேன்."

"யாரைக் கேட்டு வாங்கின? இங்க ஷெட் வரப்போகுது."

"யாரைக் கேட்டு ஷெட் வரப்போகுது?" என்றாள் அவள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கும் வாய் உண்டு.

வீட்டு ஆண்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். "நீங்களே பேசி முடிச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேடினார்கள். அந்த ஒற்றுமை வேறு எதிலும் அவர்களுக்கு வந்ததில்லை.

"எதுக்குடி உனக்கு மரம்? எலுமிச்சம்பழம் வேணும்னா கடையில கிடைக்காதா?" என்று கேட்டேன்.

அவள் கையில் இருந்த மண்ணைத் தட்டினாள். "என் வேலையே உயிரைக் கொல்றதுதான்க்கா. கண்ணுக்குத் தெரியாத உயிர். எட்டு மணி நேரம் அந்த ரூம்ல எங்களைத் தவிர உசுரோட எதுவும் இருக்கக்கூடாது. இருந்தா எங்க தப்பு. வீட்டுக்கு வந்தாவது ஏதாவது ஒண்ணு பறந்து வரணும், தாவி வரணும். குருவி வந்து கூடு கட்டினா போதும். பழம்கூட எனக்கு வேண்டாம், அதுங்களே தின்னட்டும்."

அவள் சொன்னது எனக்கே நியாயமாகப் பட்டது. பட்டதால் இன்னும் எரிச்சல் வந்தது. "சரி, ரெண்டு வருஷம் டைம்" என்றேன். "அதுக்குள்ள ஒரு குருவி, ஒரே ஒரு குருவி, உன் மரத்துல கூடு கட்டட்டும். இந்த இடம் உனக்கு. கட்டலேன்னா கொத்தனார் வருவார். நீ மூச்சு விடக்கூடாது."

"சரிக்கா" என்று கையை நீட்டினாள். மண் கையோடு நானும் கையடித்துக் கொடுத்தேன். உடனே கையைக் கழுவிக்கொள்ளச் சொன்னதும் அவள்தான்.

அதற்குப் பிறகு அவள் மரம் வளர்த்த அழகைச் சொல்ல வேண்டும். காலை ஐந்தரைக்கெல்லாம் பின்பக்கம் போய்விடுவாள். கீழே விழுந்த இலை ஒன்றுகூட மண்ணில் கிடக்கக்கூடாது, கூட்டி வாரிவிடுவாள். ஈரத்துணியால் ஒவ்வோர் இலையையும் மேல்பக்கம், அடிப்பக்கம் துடைப்பாள். எலுமிச்சையில் கம்பளிப்பூச்சியோ பச்சைப்புழுவோ தென்பட்டால் கடையில் வாங்கிய ஓர் இடுக்கியால் எடுத்துச் சோப்புத்தண்ணீரில் போடுவாள். சிலந்தி வலை கட்டினால் நீளக்குச்சியில் துணி சுற்றிச் சுழற்றி எடுப்பாள். குருவி குடிக்க ஒரு மண்தட்டில் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் ஊற்றுவாள்! மரத்தைச் சுற்றி அடுக்கிய கல்லுக்குக்கூட வாரம் ஒரு குளியல்.

மரங்கள் மூன்றும் ஜம்மென்று வளர்ந்தன. ஓர் இலையில் ஓர் ஓட்டை கிடையாது. பக்கத்து வீட்டு வாத்தியார் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "நிஜ மரமா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார். மாதுளை பூத்தது, அத்தி கையகல இலை விட்டது, எலுமிச்சையிலிருந்து வாசனை ஹால் வரைக்கும் வந்தது.

குருவிதான் வரவில்லை.

வரவில்லை என்றால் வரவே இல்லை என்று இல்லை. வந்து சுவரில் உட்காரும். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்கும். பெண் பார்க்க வந்துவிட்டுப் பதில் சொல்லாமல் போகிறவர்கள் மாதிரி எழுந்து போய்விடும். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். கொத்தனாரிடம் நாள்கூடக் குறித்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் தாண்டிய ஒருநாள் சாயங்காலம் அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து வந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை. அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏன்க்கா வரமாட்டேங்குது? நான் என்ன குறை வச்சேன்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "உன் சுத்தத்தைப் பார்த்தா மனுஷங்களுக்கே பயமா இருக்கு, குருவி என்ன பண்ணும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு இராத்திரி சோறு எனக்கு இறங்கவில்லை.

கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் புது மெஷின் வாங்கினார்கள். அதைப் பழகிக்கொண்டு வர வேறோர் ஊருக்கு ஐந்து வாரம் போக வேண்டும் என்று சின்னவளைத் தேர்ந்தெடுத்தார்கள். இருபது பேரில் அவளை மட்டும்தான். பெருமையான விஷயம்தான். அவளுக்கோ மரத்தை விட்டுப் போக மனசில்லை. கொழுந்தனை நம்ப அவளுக்குப் பைத்தியமா? அவர் துண்டையே பிழியாமல் காயப்போடுகிறவர். அதனால் என்னிடம் வந்தாள், ஓர் அட்டையோடு.

அட்டையில் ஏழு வேலை எழுதியிருந்தது. தண்ணீர் ஊற்றுவது, இலை கூட்டுவது, இலை துடைப்பது, புழு எடுப்பது, வலை எடுப்பது, குருவித் தட்டில் கொதித்து ஆறிய நீர் ஊற்றுவது, கல் கழுவுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே முப்பத்தைந்து நாளுக்கு முப்பத்தைந்து கட்டம்.

"செய்யச் செய்ய டிக் பண்ணிடுங்கக்கா. உங்களை நம்பித்தான் போறேன்."

"போடி, நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

பொய் சொல்லமாட்டேன், தண்ணீர் மட்டும் ஊற்றினேன். அவள் போன மூன்றாம் நாள் ஒரு சினிமா தியேட்டர்காரர் நூற்றிருபது சீட்டைக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் பழைய பஞ்சு அடைத்த சீட்டுகள். பிரித்துப் பிரித்து அந்தப் பஞ்சை எங்கே போடுவது? பின்பக்கச் சுவரோரம்தான். எனக்கு மூச்சுவிட நேரமில்லை. இதில் இலையை யார் துடைப்பது? சனிக்கிழமை சாயங்காலம் அட்டையை எடுத்து, ஏழு நாளுக்கும் ஏழு வேலைக்கும் மொத்தமாகச் சரசரவென்று டிக் போட்டு ஆணியில் மாட்டிவிடுவேன். போனில் "டிக் பண்ணிட்டீங்களாக்கா?" என்று கேட்பாள். "எல்லாம் பண்ணியாச்சு" என்பேன்.

வேலை நெருக்கடி என்று சொன்னேனே, அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அந்த மரங்கள் கெட்டுப்போனால் எனக்கு என்ன நஷ்டம் என்கிற நினைப்பு. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நடந்தது அதுதான்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒருநாள் பஞ்சு கொட்டப் போனவள் நிமிர்ந்து பார்த்தேன். தரையெல்லாம் சருகு. எலுமிச்சை இலைகளில் பாதிக்கு மேல் ஓட்டை. புழுக்கள் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. மாதுளைக்கும் சுவருக்கும் நடுவில் வலை, தட்டில் பாசி. 'போச்சு, அவ வந்தா என்னைப் பச்சையாத் தின்னுடுவா' என்று துடைப்பத்தையும் ஒட்டடைக் குச்சியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அத்தி மரத்திலிருந்துதான் ஆரம்பித்தேன்.

இடுப்பு உயரத்தில் ஓர் அத்தி இலை கோணலாக மடிந்திருந்தது. பக்கத்து இலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது போலத் தெரிந்தது. பிரிக்கலாம் என்று கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அது ஒட்டவில்லை, தைத்திருந்தது.

தையல் என்றால் எனக்குத் தெரியாதா? இலை ஓரத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டி ஓட்டை. ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் வெள்ளை நூல் இழுத்து, வெளியே நழுவாமல் இருக்க நுனியைப் பிசிறிவிட்டிருந்தது. ஓட்டை பெரிதானால் இலை கிழியும், நூல் இறுகினால் இலை சுருங்கும். இரண்டும் இல்லாமல் அளவாக இருந்தது. நூல் எங்கேயிருந்து வந்தது என்று குனிந்து பார்த்தால், என் பஞ்சு! சுவரோரம் நான் கொட்டிய தியேட்டர் சீட்டுப் பஞ்சைத் திரித்துத் தைத்திருக்கிறது. உள்ளேயும் அதே பஞ்சு மெத்தை. மெத்தையில் புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரிதாக மூன்று முட்டை.

தலைக்கு மேலே 'டிவிட் டிவிட் டிவிட்' என்று ஒரே ஏச்சு. என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், தையல்சிட்டு. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டித் தீர்த்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய வாய். எனக்கு அதை உடனே பிடித்துப் போய்விட்டது.

பிடித்துப்போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மனசு வேறு கணக்குப் போட்டது. கூடு கட்டியாகிவிட்டது. அப்படியென்றால் இடம் சின்னவளுக்கு. என் ஷெட் அம்போ. ஆனால் இதைப் பார்த்தது யார்? நான் ஒருத்தி. கையில் துடைப்பம் இருக்கிறது. ஒரு வீச்சு போதும், காற்றில் விழுந்தது என்றுகூடச் சொல்ல வேண்டாம், யாரும் கேட்கவே போவதில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. காய்த்துப்போன முட்டி வலித்தது. அந்த வலியும் 'அடி, அடி' என்றுதான் சொன்னது.

அடிக்கக் கை எழவில்லை. அடுத்தவர்கள் தைத்ததைப் பிரிப்பது எனக்குத் தினசரி வேலை. எத்தனையோ ஆயிரம் தையலைக் கூசாமல் பிரித்திருக்கிறேன். இந்தத் தையலை என்னால் பிரிக்க முடியவில்லை. ஊசி இல்லாமல், கத்தரி இல்லாமல், மண்டியிட இடம்கூட இல்லாமல், ஒரு காலால் தொங்கிக்கொண்டு தைத்திருக்கிறாள் அந்தப் புண்ணியவதி. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

சரி, கூட்டை விட்டுவிட்டு மற்றதையாவது சுத்தம் செய்யலாம் என்று சருகைக் குவிக்கப் போனால், சிட்டு இறங்கி அந்தச் சருகுக்குள்தான் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கியது. பிறகு எலுமிச்சைக்குப் பறந்து ஒரு புழுவை இழுத்தது. அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. அட ராமா! இந்தப் புழுவும் பூச்சியும்தான் அதற்குச் சோறு. சின்னவள் இரண்டு வருஷமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்து எதைத் துடைத்து எடுத்தாளோ, அதற்காகத்தான் குருவி சுவரில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது!

அதன்பிறகு தண்ணீர் ஊற்றியதைத் தவிர நான் எதையும் தொடவில்லை, டிக்கை மட்டும் வழக்கம்போலப் போட்டுவந்தேன். போனில் சொல்லலாம் என்றால், கூட்டைச் சொன்னால் டிக்கையும் சொல்ல வேண்டும். சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. பன்னிரண்டு நாளில் முட்டை பொரிந்தது. மூன்று குஞ்சு.

சின்னவள் திரும்பி வந்தது ஒரு மத்தியானம். வாசலிலேயே மடக்கி மெல்ல மெல்லச் சொல்லிவிட வேண்டும் என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். தையல் மெஷின் சத்தத்தில் அவள் வந்தது காதில் விழவில்லை. தோள்பையைக்கூட இறக்காமல் நேரே பின்பக்கம் போய்விட்டாள். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது ஒரு கையில் அட்டை, ஒரு கையில் வலை எடுக்கிற குச்சி. குச்சி அத்தி மரத்தை நோக்கி நீண்டிருந்தது.

"ஏய், கையை வைக்காதடி!" என்று நான் போட்ட கூச்சலில் வாத்தியார் வீட்டு ஜன்னல் திறந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும்.

"முப்பத்தஞ்சு நாள், ஏழு வேலை. இருநூத்தி நாப்பத்தஞ்சு டிக்கு. இதுல எதுக்கா நிஜம்?"

"தண்ணி ஊத்தினது."

"அப்ப இருநூத்திப் பத்து பொய்" என்றாள். "எங்க ரூம்ல ஒரு பொய் டிக்கு விழுந்தா, மேல படுத்திருக்கிற ஆள் வீடு திரும்பமாட்டார்க்கா. எனக்குக் காவல்காரங்க யாரும் இல்ல. அந்த டிக்குதான் காவல். உங்களுக்குப் பிடிக்கலேன்னா முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "தப்புதான்டி. மன்னிச்சுக்கோ" என்றேன். அந்த வார்த்தையை என் வாயிலிருந்து அந்த வீட்டுச் சுவர்கள் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவள் கையைப் பிடித்து அத்திக்குப் பக்கத்தில் இழுத்துப்போய், "பேசாம பாரு" என்றேன்.

தாய்ச்சிட்டு எலுமிச்சையிலிருந்து ஒரு பச்சைப்புழுவோடு வந்தது. எங்களைப் பார்த்து ஒரு திட்டு திட்டியது. பிறகு இலைக்குள் தலையை விட்டது. உள்ளேயிருந்து மூன்று மஞ்சள் வாய் திறந்ததைச் சின்னவள் பார்த்தாள். தோள்பை நழுவிச் சருகில் விழுந்தது. அவள் அதைத் தூக்கித் துடைக்கவில்லை. அப்படி ஒரு காரியம் நடந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"புழுவா?" என்றாள்.

"புழுதான். இவ்வளவு நாளா நீ விருந்துக்குக் கூப்பிட்டுட்டுச் சோத்துப் பானையைக் கழுவிக் கவுத்து வச்சிருந்திருக்க."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "நானேக்கா... தினமும் காலையில அதுங்க சாப்பாட்டை நானே சோப்புத்தண்ணியில போட்டிருக்கேன்க்கா" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் தலையெல்லாம் ஆஸ்பத்திரி வாசனை. நானும் அழுதேன். சிட்டுக்குத்தான் பொறுக்கவில்லை, போய்த்தொலையுங்கள் என்று விரட்டியது.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். சின்னவளைப் பற்றி எனக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை. மறுநாள் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். இருநூற்றுப் பத்து டிக்குகளையும் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்திருந்தாள்.

"அக்கா, கூடு கட்டினது என் மரத்துலதான். ஆனா நான் இருந்திருந்தா கட்டியிருக்காது. என்னால நடந்ததுன்னு நான் கையெழுத்துப் போட முடியாது. பந்தயத்துல நான் தோத்துட்டேன். குஞ்சு பறந்ததும் ஷெட்டைப் போட்டுக்குங்க."

"உனக்கென்ன பைத்தியமாடி?" என்றேன். அவள் மாறவில்லை. இரண்டு வாரம் நானும் சொல்லிப் பார்த்தேன், கொழுந்தனும் சொல்லிப் பார்த்தார். கல்லில் எழுதினது மாதிரி அதையே சொன்னாள். குஞ்சுகள் ஒவ்வொன்றாக அத்தியிலிருந்து மாதுளைக்கும், மாதுளையிலிருந்து சுவருக்கும் தாவி, சுவரைத் தாண்டிப் போயின. கூடு காலியானது.

குறித்த நாளில் கொத்தனார் கயிறும் முளைக்குச்சியுமாக வந்து நின்றார். நான் அவரை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவரை வரச் சொன்னது சின்னவள்! அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, கயிற்றின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு அத்தி மரத்தடியில் நின்றிருந்தாள். கொடுத்த வாக்கை அளவு பிசகாமல் காப்பாற்றுவதில் அவ்வளவு கண்டிப்பு. கயிறு மட்டும் நேராக நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிம்மா" என்றார் கொத்தனார்.

என் ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. "அண்ணே, அந்தக் கயிறைச் சுருட்டுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஒரு முளையைக் கீழே விட்டார். "எவடி தோத்தா? பதினோரு வருஷமா ஒரு கத்தரியைக்கூட ஏமாத்தாதவ நீ. இந்த மூணு மரத்தை நட்டது யாரு? ரெண்டு வருஷம் இதுங்க சாகாம வளர்த்தது யாரு? நான் வெறும் சோம்பேறி. சோம்பேறித்தனத்துக்கு யாராவது பரிசு கொடுப்பாங்களா? இடம் உன்னது. ஷெட்டை எங்க போடணும்னு எனக்குத் தெரியும். அண்ணே, வாங்க முன்பக்கம்!"

முன்பக்கத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வண்டி நிறுத்தக் கூரை போட்ட இடம் இருந்தது. இருவரும் வெள்ளைத்துணியால் மூடி, குழந்தை மாதிரி வண்டிகளைத் தூங்கவைத்திருந்தார்கள். இரண்டையும் நானே தள்ளித் தெருவில் நிறுத்தினேன். "நீங்களே பேசி முடிச்சுக்குங்கன்னு சொன்னீங்கல்ல? முடிச்சுட்டோம்" என்றேன். இரண்டு பேரும் செருப்பைத் தேடினார்கள்.

இப்போது எனக்கு முன்பக்கத்தில் ஷெட், நின்று வெட்ட மேசை, தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிற பலகை. முட்டி வலி பாதி குறைந்துவிட்டது. பின்பக்கம் போனால் மாதுளைப் பூவில் தேன்சிட்டு தொங்கும், அத்திக்காய்க்கு அணில்கள் அடித்துக்கொள்ளும், எலுமிச்சைப் புழுக்களில் தப்பித்ததெல்லாம் பட்டாம்பூச்சியாகப் பறக்கும். இலைகளில் ஓட்டை. சருகு அப்படியே கிடக்கும். சின்னவள் வேலையிலிருந்து வந்ததும் அந்தச் சருகில் செருப்பில்லாமல் கொஞ்ச நேரம் நிற்பாள். அப்புறம் போய்க் காலை மூன்று தடவை கழுவுவாள், அது மாறாது. அந்த ஜன்னலில்லாத அறையில் அவளோடு வேலை பார்க்கிற நான்கு பேர் வீட்டில் இப்போது சின்ன மரங்கள் இருக்கின்றன. எதைத் துடைக்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அவள் புழு எடுத்த இடுக்கி என் தையல் பெட்டியில் இருக்கிறது, பழைய நூலைப் பிடுங்க அதைப்போல ஒன்று இல்லை.

அதே ஆணியில் இப்போதும் ஓர் அட்டை தொங்குகிறது. ஆனால் ஏழு வேலை இல்லை, ஒரே வேலை. அவள் கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கும்: 'சனிக்கிழமை. சுவரோரம் ஒரு பிடி பஞ்சு. செய்பவர்: அக்கா.' பஞ்சை வைத்துவிட்டு நான் டிக் போடுவேன். சின்னவள் வந்ததும் நேரே சுவரோரம் போவாள், குனிந்து பஞ்சு நிஜமாகவே இருக்கிறதா என்று பார்ப்பாள், பிறகுதான் பக்கத்தில் கையெழுத்து வைப்பாள். பதிமூன்று வருஷமாக ஒரு பொட்டலம்கூடத் திரும்பி வராதவளின் கையெழுத்து அது. சும்மா கிடைத்துவிடுமா? போன சனிக்கிழமை வரைக்கும் நூற்றுநாலு டிக்கு, நூற்றுநாலு கையெழுத்து. ஒன்றுகூடப் பொய்யில்லை.